ஒரே கூண்டில் இருவர்: முன்னடத்தைச் சான்றின் வரலாறு

ஒருவன் இன்று செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்திற்கு அவன் நேற்றுச் செய்த குற்றம் சான்றாகுமா? உலகியல் அறிவு 'ஆகும்' என்று விடையிறுக்கும். கடன் வாங்கித் திருப்பித் தராதவனுக்கு மீண்டும் கடன் கொடுக்க எவரும் விரும்பார். ஒருமுறை பொய் சொன்னவன் மறுமுறை மெய் சொன்னாலும் ஐயுறுவதே மக்கள் இயல்பு. ஆயின், ஆங்கிலச் சட்ட மரபு இக் கேள்விக்குப் பொதுவாக 'ஆகாது' என்றே விடை தந்து வந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டு நிற்பவன் எப்படிப்பட்டவன் என்பதன்று வினா. இச் செயலை அவன் செய்தானா என்பதே வினா. பழைய குற்றத்திற்கு அவன் ஏற்கெனவே தண்டனை பெற்றுவிட்டான். அதையே காட்டிப் புதிய குற்றத்தையும் அவன் தலையில் ஏற்றுவது, ஐயத்தைச் சான்றாக்கும் செயலாகும்.

இவ்விதி தெளிவானது, அறத்தோடும் பொருந்துவது. ஆயினும் ஒரே குற்றத்திற்காக இருவர் ஒரே கூண்டில் ஏற்றப்பட்டு, இவர் அவரையும் அவர் இவரையும் சுட்டிக்காட்டி நிற்கும் வேளையில் இவ்விதி தடுமாறுகிறது. ஒரு வகுப்பறையை எண்ணிப் பார்க்கலாம். மைக்கூடு உடைந்து கிடக்கிறது. அருகில் இரு மாணவர் நிற்கின்றனர். "அவன்தான் உடைத்தான்" என்று ஒருவரையொருவர் கை காட்டுகின்றனர். அவ்விருவருள் ஒருவன் சென்ற மாதம் இரண்டு கற்பலகைகளைச் சினத்தால் உடைத்தவன். மற்றவன் எதையும் உடைத்தறியாதவன். ஆசிரியர் அப் பழைய செய்தியைக் கருத்திற் கொள்ளலாமா? கொண்டால், முதலாமவன் இன்று குற்றமற்றவனாக இருந்தும் பழைய பெயரால் அடிபடக்கூடும். கொள்ளாவிட்டால், இரண்டாமவன் தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் ஒரே துணையை இழக்கக்கூடும். எவருக்கும் தீங்கில்லாத நடுவிடம் இங்கே இல்லை. இம் மைக்கூட்டுச் சிக்கலே உயிரைப் பறிக்கும் வழக்குகளில் நீதிமன்றங்களை ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலைக்கழித்தது. அதன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சிட்னி நகரத்துக் கொல்லைப்புறங்கள்

இத்துறையில் முதலில் நினைக்கப்படும் வழக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் எழுந்தது. 1892ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், சிட்னி நகரைச் சார்ந்த மக்டொனால்டு டவுன் என்னும் பகுதியில், ஒரு வீட்டின் கொல்லையில் வடிகால் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளியின் கண்ணில் குழந்தை உடலம் ஒன்று பட்டது. காவலர் தோண்டத் தொடங்கினர். அவ்வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் ஜான் மேக்கின், சேரா மேக்கின் என்னும் கணவன் மனைவியர். அவர்கள் அடுத்தடுத்து வாழ்ந்த பிற வீடுகளின் கொல்லைகளையும் தோண்டியபோது, மொத்தம் 13 குழந்தைகளின் உடலங்கள் கிடைத்தன.

மணமாகாத தாய்மார் தம் குழந்தைகளைச் சிறு தொகையோடு பிறரிடம் வளர்க்கக் கொடுக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. மேக்கின் தம்பதியர் இவ்வாறு குழந்தைகளைப் பெற்றுக்கொண்டவர்கள். ஒரு குழந்தையை வளர்த்து ஆளாக்கப் போதாத தொகைக்கு அவர்கள் குழந்தைகளை ஏற்றனர் என்பதே அரசுத் தரப்பின் வாதத்திற்கு உயிர்நாடி. அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றமோ ஒரே ஒரு குழந்தையைக் கொன்றதென்பது. அவ்வாறாயின், ஏனைய உடலங்களைப் பற்றிய செய்தியை ஜூரிகளின் முன் வைக்கலாமா? ஒரு குழந்தை நோயால் இறந்தது எனலாம். அஞ்சிப் புதைத்தனர் எனலாம். அடுத்தடுத்த வீடுகளில் பல குழந்தைகள் அதே முறையிற் புதைக்கப்பட்டிருந்தால், 'தற்செயல்' என்னும் சொல் நிற்குமா?

1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. அங்கும் மேல்முறையீடு தோற்றது. ஹெர்ஷெல் பிரபு எழுதிய தீர்ப்புரை இரு கூறுகளை உடையது. எதிரி குற்றம் புரியும் இயல்பினன், ஆகவே இதையும் புரிந்திருப்பான் என்று காட்டுவதற்காக அவனுடைய வேறு குற்றங்களை அரசுத் தரப்பு கொணர்தல் கூடாது என்பது முதற் கூறு. வழக்கில் எழும் ஒரு வினாவுக்கு அச் சான்று உண்மையில் பொருத்தமானதாயின், காட்டாக, நிகழ்ந்தது தற்செயலா திட்டமா என்னும் வினாவுக்கு விடை தருமாயின், அது பிற குற்றங்களை வெளிப்படுத்துகிறது என்பதால் மட்டும் தள்ளத்தக்கதன்று என்பது இரண்டாம் கூறு.

இத் தீர்ப்பின் காரணங்கள் விரிவாக வெளிவந்தபோது 1893ஆம் ஆண்டின் இறுதி. ஜான் மேக்கின் அதற்கு முன்னரே, அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தூக்கிலிடப்பட்டிருந்தார். சேராவுக்கு ஜூரிகள் கருணை வேண்டியதனால் அவருடைய மரண தண்டனை ஆயுட்சிறையாக மாறியது.

மேக்கின் வழக்கும் இருவர் ஒருங்கே விசாரிக்கப்பட்ட வழக்கே என்பதை அதனைப் பயில்வோர் மறந்துவிடுவதுண்டு. ஆயின், அங்கே போராட்டம் அரசுக்கும் தம்பதியர்க்கும் இடையே நடந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே அன்று. எனவே ஹெர்ஷெல் பிரபு வகுத்த விதி அரசின் கையைக் கட்டும் விதியாகவே அமைந்தது. கூண்டில் நிற்கும் ஒருவர் மற்றொருவரின் பழங்கதையை எடுத்துரைக்க முற்பட்டால் என் செய்வது என்னும் கேள்வி அன்று எழவில்லை.

அரசின் கையைக் கட்டிய இக் கயிறு வலியது என்பதைப் பிரிவி கவுன்சிலே 1949ஆம் ஆண்டு மற்றொரு வழக்கில் காட்டியது. பிரிட்டிஷ் கயானாவில் வாழ்ந்த நூர் முகம்மது என்னும் பொற்கொல்லர், தம்முடன் வாழ்ந்த பெண்ணைப் பொட்டாசியம் சயனைடு என்னும் நஞ்சால் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். பொற்கொல்லர் தொழிலுக்கு அந்நஞ்சு வேண்டுவது. அவரிடம் அது முறைப்படி இருந்தது. முன்னர் அவர் மனைவியும் அதே நஞ்சால் இறந்தார் என்னும் சான்று விசாரணையிற் கொணரப்பட்டது. அச்சாவின் பொருட்டு அவர்மீது வழக்கே தொடரப்பட்டதில்லை. பிரிவி கவுன்சில் அச் சான்றைத் தள்ளித் தண்டனையை நீக்கியது. சான்றின் மெய்ப்பிக்கும் ஆற்றல் சிறிது. அது மனத்தில் ஏற்றும் வெறுப்போ பெரிது. அத்தகைய சான்று நீதிக்கு உதவாது என்பதே அதன் உட்பொருள்.

மூடிய வாய் திறந்தது

இருவர் ஒருவரையொருவர் சுட்டும் சிக்கல் வளர்வதற்கு மற்றொரு மாற்றம் காரணமாயிற்று. இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கில் உறுதிமொழியின்மீது சாட்சி சொல்ல முடியாது. தன்னலம் உடையவன் சொல் நம்பத்தகாது என்பது பழைய கருத்து. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் சாட்சியச் சட்டம் இத் தடையைப் பொதுவாக நீக்கியது. எதிரி விரும்பினால் சாட்சிக் கூண்டேறலாம் என்றாயிற்று.

கூண்டேறுபவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அப்பொழுது அவருடைய பழைய தண்டனைகளை எல்லாம் கேட்கலாமென்றால், குற்றப் பதிவு உடைய எவரும் வாய் திறக்க அஞ்சுவர். ஆகவே அச் சட்டம் ஒரு கேடயத்தைத் தந்தது: சாட்சி சொல்லும் எதிரியிடம் அவருடைய பிற குற்றங்களையோ தீயொழுக்கத்தையோ பற்றிக் கேட்கலாகாது. அக் கேடயம் விழுவதற்குச் சில காரணங்களையும் சட்டம் கூறியது. அவற்றுள் ஒன்று, அதே குற்றத்திற்காகத் தம்முடன் சாட்டப்பட்ட மற்றொருவருக்கு எதிராக அவர் சாட்சி சொல்லியிருத்தல்.

கூட்டு விசாரணையின் முழுச் சிக்கலும் இச் சிறு விதிவிலக்கினுள் அடங்கியுள்ளது. தோழனைக் காட்டிக்கொடுப்பவன் தன் கேடயத்தை இழக்கிறான். அவனுடைய சொல்லால் தீங்குறும் தோழன், 'இவன் சொல் நம்பத்தக்கதா? இவன் யார் என்று பாருங்கள்' என்று ஜூரிகளிடம் காட்ட உரிமை பெறுகிறான்.

இருவரையும் தனித்தனியே விசாரித்தால் இச் சிக்கலே எழாதே என்று ஒருவர் வினவலாம். தனித்தனியே விசாரித்தால் சாட்சிகள் இருமுறை வரவேண்டும். துன்புற்றோர் தம் துயரை இருமுறை சொல்லவேண்டும். இவற்றினும் பெரிய கேடு ஒன்றுண்டு. முதல் விசாரணையில் அங்கில்லாத இரண்டாமவன்மீது பழி போடப்படும்; இரண்டாம் விசாரணையில் அங்கில்லாத முதலாமவன்மீது போடப்படும். முடிவில் இருவருமே விடுதலை பெறலாம். அன்றி, ஒருவன் மட்டுமே செய்திருக்கக்கூடிய செயலுக்கு இருவரும் தண்டனை பெறலாம். ஒரே நிகழ்ச்சியை ஒரே மன்றம் ஒரே முறை கேட்டு ஆராய்வதே உண்மைக்கு ஏற்றது என்று நீதிபதிகள் கருதினர். ஆதலின், ஒருவர் கழுத்தை மற்றவர் அறுக்க முயலும் இத்தகைய வழக்குகளிலும் பிரித்து விசாரிப்பது அருகியே நடந்தது.

சுங்க வழக்கும் கேமரா வழக்கும்

1952ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் டெவ்லின் நீதிபதி முன் ஒரு வழக்கு வந்தது. மில்லர் என்பார் முதலிய சிலர் கூடிச் சுங்க வரி ஏய்த்துப் பொருள்களை இறக்குமதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. அவர்களுள் ஒருவரின் எதிர்வாதம் விந்தையானது. 'நான் இதில் ஈடுபடவில்லை. என்னுடன் நிற்கும் மற்றொருவரே என் பெயரைப் பூண்டு இவற்றைச் செய்தார்' என்பது அது. அதனை நிறுவ அவருடைய வழக்குரைஞர் அரசுத் தரப்புச் சாட்சி ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்க விரும்பினார்: அந்த மற்றொருவர் சிறையிலிருந்த காலத்தில் கள்ள இறக்குமதி நின்றுபோனது மெய்தானா?

கேள்வி கூர்மையானது. அது மெய்யாயின் எதிர்வாதம் வலுப்பெறும். ஆயின், அந்த மற்றொருவர் சிறை சென்றவர் என்பதும் அதே மூச்சில் ஜூரிகளுக்குத் தெரிந்துவிடும். அரசுத் தரப்பு அதைக் கேட்டிருக்க முடியாது. டெவ்லின் நீதிபதியோ கூட்டு எதிரியின் வழக்குரைஞர் கேட்கலாம் என்றார். தம் கட்சிக்காரரின் வழக்குக்குப் பொருத்தமான சான்று எதுவாயினும் அதனைக் கொணர்வது வழக்குரைஞரின் கடமை. அதனால் பிறருக்குத் தீங்கு விளையுமா என்பது அவரைத் தடுக்காது. பொருத்தமில்லாத சான்றாயின் மட்டும் அது தடுக்கப்படும். அரசுக்கு ஓர் அளவுகோல், எதிரிக்கு மற்றோர் அளவுகோல் என்னும் கருத்து இங்கே தெளிவாகத் தலைகாட்டியது.

1965ஆம் ஆண்டு அறிக்கையில் வெளிவந்த மர்டாக் வழக்கு இக் கருத்தை மேலும் உறுதி செய்தது. திருட்டுக் கேமராக்களைப் பெற்றுக்கொண்டதாக இருவர் மீது வழக்கு. மர்டாக் பழைய தண்டனைகள் உடையவர். மற்றவர் பதிவு ஏதும் இல்லாதவர். பொருள் முழுவதும் மற்றவர் பொறுப்பிலேயே இருந்தது, தமக்கு அதில் தொடர்பில்லை என்று மர்டாக் சாட்சி சொன்னார். உடனே மற்றவரின் வழக்குரைஞர் மர்டாக்கின் பழைய தண்டனைகளைக் கேட்கத் தொடங்கினார். மர்டாக் பகைமையோடு பேசவில்லை; தம்மைக் காத்துக்கொள்ளவே பேசினார். அது 'எதிராகச் சாட்சி சொல்லுதல்' ஆகுமா?

அந்நாளில் இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக விளங்கிய பிரபுக்கள் சபை, 'ஆகும்' என்றது. சொன்னவரின் உள்நோக்கம் யாது என்று ஆராய வேண்டுவதில்லை. அவர் சொல் அரசின் வழக்கிற்குக் குறிப்பிடத்தக்க வகையில் துணை செய்தாலோ, கூட்டு எதிரியின் எதிர்வாதத்தைக் குலைத்தாலோ போதும். அடுத்த கேள்வி, இத்தகைய குறுக்கு விசாரணையை நீதிபதி தம் விருப்புரிமையால் தடுக்கலாமா என்பது. பெரும்பான்மையோர் 'தடுக்க இயலாது' என்றனர். தன்னைக் காத்துக்கொள்ள முயலும் ஒருவனின் கையை நீதிபதி கட்டலாகாது என்பது டோனவன் பிரபு கூறிய காரணம். பியர்ஸ் பிரபு மட்டும் நீதிபதிக்கு அவ்வுரிமை இருத்தல் வேண்டும் என்று வேறுபட்டார். அவ் வேறுபாட்டின் பின்னுள்ள அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தன்னைக் காக்க உண்மையைச் சொல்லும் ஒருவன், அச்சொல்லுக்கு விலையாகத் தன் பழைய வாழ்வு முழுவதையும் ஊர் அறிய விரிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு அஞ்சி உண்மை சொல்லாமலே இருந்துவிடுவோரும் உண்டல்லவா?

விக்டோரியாவில் மனநூலறிஞர் சாட்சி

இதுவரை கண்டவற்றுள் பழைய செய்தி பெரும்பாலும் 'இவன் சொல் நம்பத்தக்கதா' என்னும் அளவிலேயே பயன்பட்டது. 'இவனே இச் செயலைச் செய்யக்கூடியவன்' என்று நேரே சொல்லுதல் மேலும் ஒரு படி முன்னே செல்வதாகும். அப் படியைத் தாண்டிய வழக்கு மீண்டும் ஆஸ்திரேலியாவில் எழுந்தது.

1971ஆம் ஆண்டு விக்டோரியா மாநிலத்தின் ஹாமில்டன் நகரை அடுத்து, 15 வயதுச் சிறுமி ஒருத்தி கொடிய முறையில் கொல்லப்பட்டாள். லௌரி, கிங் என்னும் இரு இளைஞர் ஒருங்கே குற்றம் சாட்டப்பட்டனர். இருவரும் அவ்விடத்தில் இருந்தனர்; கொன்றது மற்றவனே என்று இருவரும் சொன்னார்கள். களவோ பகையோ காரணமாகத் தோன்றவில்லை. கொடுமையில் இன்பம் காணும் மனமே காரணம் என்று தோன்றியது. அத்தகைய மனம் எவருடையது என்பதே வழக்கின் நடுவினாவாயிற்று.

கிங் தரப்பில் மனநூல் வல்லுநர் ஒருவர் சாட்சியாக வந்தார். அவர் இருவரையும் ஆராய்ந்திருந்தார். கிங் முதிர்ச்சியற்றவன், வலியவர் சொற்படி நடப்பவன் என்றும், லௌரியிடம் வன்மையான தாக்கும் இயல்பு மிகுதி என்றும் அவர் ஒப்பிட்டுரைத்தார். அரசுத் தரப்பு இத்தகைய சான்றைக் கொணர்ந்திருந்தால் மேக்கின் விதி அதனை வாயிலிலேயே தடுத்திருக்கும். ஆயின் கொணர்ந்தவர் கூட்டு எதிரி. 1973ஆம் ஆண்டு பிரிவி கவுன்சில், மாரிஸ் பிரபுவின் தீர்ப்புரை வாயிலாக, அச் சான்று ஏற்கத்தக்கதே என்று முடிவு செய்தது. இருவருள் எவன் என்பது வினாவாக இருக்கும்போது, எவனுக்கு அச் செயல் பொருந்தும் என்பது பொருத்தமற்ற செய்தியன்று. அதனை முன்வைக்கும் உரிமையைக் கிங்குக்கு மறுப்பது நீதியாகாது என்பதே அதன் கருத்து.

அச் சான்று கிங்கையும் காப்பாற்றவில்லை என்பதை ஈண்டுக் குறிப்பிட வேண்டும். ஜூரிகள் இருவரையுமே குற்றவாளிகள் என்றனர்.

மனநூலறிஞர் சாட்சிக்கு இவ்வழக்கு அகலத் திறந்த கதவை ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974ஆம் ஆண்டில் டர்னர் வழக்கில் ஓரளவு சாத்தியது. மனநோய் இல்லாத இயல்பான மக்கள் எவ்வாறு நடப்பர் என்பதை ஜூரிகளே அறிவர். அதற்கு மருத்துவர் வேண்டா. லௌரி வழக்கு அதற்கே உரிய சூழ்நிலையில் எழுந்தது என்று அது விளக்கியது. ஆயினும் லௌரி வழக்கு விதைத்த கருத்து வாடிவிடவில்லை.

ராண்டல் வழக்கு

அக் கருத்து முழு உருவம் பெற்றது 2003ஆம் ஆண்டில். ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். ராண்டலும் மற்றொருவரும் கொலைக் குற்றம் சாட்டப்பட்டு ஒருங்கே விசாரிக்கப்பட்டனர். இங்கும் அதே நிலை: தாக்கியவர் மற்றவரே என்று ஒவ்வொருவரும் உரைத்தனர். ஆகவே இருவர் கேடயமும் விழுந்தது. இருவரின் பழம் பதிவுகளும் ஜூரிகளுக்குத் தெரிந்தன. ராண்டலின் பதிவு சிறியது. மற்றவருடையதோ கனமானது, வன்செயலைக் காட்டுவது, அவர் அவ்வேளையில் ஒரு கொள்ளை தொடர்பாகக் காவலர்க்கு அஞ்சி மறைந்து திரிந்தவர்.

விசாரணை நீதிபதி ஜூரிகளுக்குப் பழைய முறைப்படியே அறிவுரை கூறினார். இப் பதிவுகளை இவர்கள் சொல் நம்பத்தக்கதா என்று அறிவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்; எவர் தாக்கியிருப்பார் என்று முடிவு செய்யப் பயன்படுத்தாதீர்கள் என்பது அவ்வறிவுரை. ஜூரிகள் மற்றவரை விடுவித்தனர். ராண்டலைக் கொலையாகாத உயிர்ப்போக்குக் குற்றவாளி எனத் தீர்த்தனர்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இத் தண்டனையை நீக்கியது. அரசு பிரபுக்கள் சபைக்குச் சென்றது. அங்கே அரசின் முறையீடு தோற்றது. 2003 டிசம்பரில் ஸ்டெய்ன் பிரபு வழங்கிய தீர்ப்பின் சாரம் எளிது. இருவர் மட்டுமே செய்திருக்கக்கூடிய ஒரு வன்செயலில், ஒருவர் வன்செயலுக்கு மிகுதியும் நாட்டமுடையவர் என்பது எவர் செய்தார் என்னும் வினாவுக்கே பொருத்தமான செய்தி. அதனை நம்பகத்தை அளக்க மட்டும் பயன்படுத்துக என்பது ராண்டலின் எதிர்வாதத்தைப் பாதியாக வெட்டுவதாகும். நீதிபதி தம் விருப்புரிமையால் சான்றைத் தள்ளலாம் என்பது அரசு கொணரும் சான்றுக்கு உரியதே ஒழிய, தன்னைக் காக்க ஓர் எதிரி கொணரும் பொருத்தமான சான்றுக்கு உரியதன்று.

அத் தீர்ப்பில் மற்றொரு கூறும் உண்டு. அதனைப் பலர் ஊன்றி நோக்குவதில்லை. கூட்டு எதிரியின் நாட்டத்தைக் காட்டும் சான்று ராண்டலுக்குப் பயன்படுமாயின், அக் கூட்டு எதிரியின்மீதுள்ள வழக்கை ஆராயும்போது ஜூரிகள் அச் சான்றை மறந்துவிட வேண்டுமா? வேண்டுவதில்லை என்றார் ஸ்டெய்ன் பிரபு. ஒரே செய்தியை ஒருவர் வழக்கில் நினைக்கவும் மற்றவர் வழக்கில் மறக்கவும் சொன்னால் ஜூரிகள் குழம்புவர் என்பது அவர் கருத்து. மனித மனத்தின் இயல்புக்கு இது பொருந்துவதே. ஆயின் இதன் விளைவு யாது? அரசு முன்வாயில் வழியே கொணர முடியாத சான்று, தோழனின் கை வழியே பக்கவாயிலில் உள்ளே வந்துவிடுகிறது. மேக்கின் விதி அரசின் கையைத்தான் கட்டியது. பொருளைப் பூட்டி வைக்கவில்லை என்பது இவ்வழக்கால் விளங்குகிறது.

சட்டம் எழுதப்பட்ட முறை

ராண்டல் தீர்ப்பு வெளிவருவதற்கு ஒரு திங்கள் முன்னரே, 2003 நவம்பரில், இங்கிலாந்துப் பாராளுமன்றம் புதிய குற்றவியல் நீதிச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. அதன் ஒழுக்கச் சான்று பற்றிய பகுதி 2004 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. எதிரியின் தீயொழுக்கச் சான்று உள்ளே வருதற்கு 101ஆம் பிரிவு ஏழு வாயில்களை வகுத்துள்ளது. அவற்றுள் ஐந்தாம் வாயில் கூட்டு எதிரிகளுக்கு உரியது. எதிரிக்கும் அவருடைய கூட்டு எதிரிக்கும் இடையே எழும் முதன்மையான ஒரு வினாவில் அச் சான்று கணிசமான மெய்ப்பிக்கும் ஆற்றல் உடையதாயின், அது ஏற்கப்படும். அரசு வரும் முதன்மையான வாயிலில் 'விசாரணை நேர்மை கெடுமாயின் தள்ளுக' என்னும் காவல் உண்டு. ஐந்தாம் வாயிலில் அக் காவல் இல்லை. ஒருவன் பொய்யன் என்று மட்டும் காட்டக் கொணரும் சான்றாயின், அவன் தன் எதிர்வாதத்தால் கூட்டு எதிரியின் எதிர்வாதத்தைக் குலைத்திருந்தாலன்றி வரலாகாது என்று 104ஆம் பிரிவு வரையறை செய்துள்ளது.

ஆஸ்திரேலியாவும் இவ்வேறுபாட்டை 1995ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் எழுதி வைத்தது. குற்ற நாட்டச் சான்றுக்குரிய கடுமையான 101ஆம் பிரிவு, அரசுத் தரப்பு கொணரும் சான்றையே கட்டுப்படுத்துகிறது. ஓர் எதிரியின் ஒழுக்க இயல்பைப் பற்றி வல்லுநர் கூறும் கருத்தை மற்றோர் எதிரி கொணரலாம் என்று 111ஆம் பிரிவு இடமளிக்கிறது. லௌரி வழக்கின் நிழல் இப்பிரிவின்மீது படிந்திருப்பதைக் காணலாம்.

மலேசியச் சட்டத்தில்

இவ் வரலாறு மலேசியாவுக்கும் அயலானதன்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன். அச் சட்டத்தைத் தழுவியே நீரிணைக் குடியேற்றங்களில் 1893ஆம் ஆண்டிலும், பின்னர் மலாய் நாடுகளிலும் சட்டங்கள் எழுந்தன. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இம்மரபில் வந்ததே. எதிரி நல்லொழுக்கத்தை நிறுவ முற்பட்டாலன்றி அவர் தீயொழுக்கம் பொருத்தமற்றது என்று அதன் 54ஆம் பிரிவு கூறுகிறது. அதன் இரண்டாம் உட்பிரிவு, 1898ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தின் கேடயத்தைத் தந்து, அதே விதிவிலக்கையும் வைத்துள்ளது: அதே குற்றத்திற்காகச் சாட்டப்பட்ட மற்றொருவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவரின் கேடயம் விழும். இங்கிலாந்து அப் பழைய விதியை நீக்கிப் புதியது வகுத்த பின்னும், அவ்விதியின் வடிவம் மலேசியச் சட்டத்தில் நிலைத்திருக்கிறது.

ஆயின் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் இவ் விதிகள் எல்லாம் சட்டம் பயிலாத பன்னிரு ஜூரிகளை மனத்திற் கொண்டு வளர்ந்தவை. சிங்கப்பூர் ஜூரி முறையை ஒழிக்க 1969ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. மலேசியாவில் 1995ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அம்முறை மறைந்தது. அதன்பின் சான்றை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்பவரும், இறுதியில் குற்றவாளி யார் என்று தீர்ப்பவரும் நீதிபதியே. ஏற்கலாகாது என்று தாம் தள்ளிய செய்தியை அவர் காதாற் கேட்டுவிட்டார். கேட்டதைக் கேளாததாகக் கொண்டு தீர்ப்பெழுதும் பயிற்சி அவர்க்கு வேண்டும். ஜூரிகளுக்கு அறிவுரையாகச் சொல்லப்பட்டதை அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும்; அதனைத் தீர்ப்புரையில் எழுதிக் காட்டவும் வேண்டும்.

தராசின் இரு தட்டுகள்

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது யாது? முன்னடத்தைச் சான்றைத் தடுக்கும் விதி, மனிதன் திருந்த மாட்டான் என்னும் எண்ணத்திற்கு எதிரான அரண். வலிமை மிக்க அரசுக்கும் தனி மனிதனுக்கும் இடையே நடக்கும் போரில் அவ்வரண் முற்றிலும் நேர்மையானது. அரசு ஒரு சான்றை இழந்தால் ஒரு வழக்கைத்தான் இழக்கும். கூட்டு எதிரி ஒரு சான்றை இழந்தால் தன் வாழ்வையே இழக்கக்கூடும். இக் காரணத்தாலேயே சட்டம் இருவருக்கும் இரு அளவுகோல்களை வைத்தது. குற்றமற்ற ஒருவன் தன்னைக் காக்கும் உரிமை, மற்றொருவன் தன் பழமையை மறைக்கும் உரிமையினும் பெரிது என்பது அதன் முடிவு.

அம்முடிவு சரியானதே எனலாம், ஆயின் விலையில்லாததன்று. பழைய பதிவுடையவர் குற்றம் செய்யாத வேளைகளும் உண்டு. கனத்த பதிவுடையவரோடு கூண்டேறும் குற்றவாளிக்கு அப்பதிவே புகலிடமாகலாம். 'அவனைப் பாருங்கள், என்னைப் பாருங்கள்' என்று பழியை மெல்லத் தள்ளிவிடலாம். தீமை செய்து பழகியவன் செய்திருக்கக்கூடும் என்பதற்கும் அவனே செய்தான் என்பதற்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. அப்பள்ளத்தை நிரப்ப வேண்டியவை நிகழ்ச்சியைப் பற்றிய சான்றுகளே: எவர் கையில் ஆயுதம் இருந்தது, எவர் ஆடையில் குருதி இருந்தது, கண்டவர் என்ன கண்டார் என்பன. பழைய பதிவு இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க ஒரு பொருள். இவற்றின் இடத்தில் வைத்து எண்ணத்தக்கதன்று.

மைக்கூட்டின் முன் நிற்கும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். கற்பலகை உடைத்தவனின் பழைய செயலை அவர் நினைக்கலாம். மற்றவனுக்கு நேர்மை செய்ய நினைத்தே ஆகவேண்டிய நிலையும் வரலாம். அந்நினைவு கையிலே பிரம்பை எடுத்துக் கொடுக்குமாயின் அது தவறு. மேசை அருகே குனிந்து, எவன் விரலில் மை பட்டிருக்கிறது என்று பார்க்கத் தூண்டுமாயின் அதுவே முறை.